கயிறு பிடிக்கிற மச்சான்

மன்னார்ப் பக்கத்து முசலிக் கரையில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் பனைமரம்தான். அதற்கு மேல் ஆகாயம், இடையில் வேறொன்றும் கிடையாது. எங்கள் ஊரில் தரையில் ஒரு தேங்காயை வைத்தால், யாராவது தூக்கிக்கொண்டு போனால் ஒழிய அது இடம் மாறாது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து பாவாத மலையில் ஏறப் புறப்பட்ட இரண்டு புத்திசாலிகளில் நான் ஒருவன். மற்றவர் என் மச்சான்.

பாவாத மலை என்பது, ஆதிபிதா ஆதம் அலைஹிஸ்ஸலாம் சொர்க்கத்திலிருந்து இறங்கியபோது கால் வைத்த இடம் என்று எங்கள் ஆட்கள் சொல்லும் மலை. உச்சியில் கல்லில் ஒரு பாதம் பதிந்திருக்கிறது. சிங்களவர்கள் அதைப் புத்தருடையது என்பார்கள், சைவர்கள் சிவனுடையது என்பார்கள். ஒரு பாதத்துக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடியும் அங்கே யாரும் அடித்துக்கொண்டதில்லை. நானும் மச்சானுமோ ஒரு சால்வைக்காக மூன்று வருடமாகப் பேசாமல் இருந்தோம்.

சால்வை என்னுடையது. கலியாணச் சால்வை. தோய்த்து, எங்கள் இரண்டு வீட்டு வளவுக்கும் பொதுவான வேலியில் காயப் போட்டிருந்தேன். மச்சானின் கழுதை வந்து பாதியைத் தின்றுவிட்டது. எங்கள் பக்கத்தில் கழுதைக்குச் சொந்தக்காரன் இருப்பது அது மூட்டை சுமக்கும்போது மட்டும்தான். அது ஊர் மேயும்போது ஆண்டவனின் கழுதை. இருந்தும் நான் நாகரிகமாகப் போய் மிச்சப் பாதியைக் காட்டினேன். அவர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“வேலியில போட்டது உன்ர பிழை. கலியாணச் சால்வை எண்டு கழுதைக்கு ஆர் சொன்னது?” என்றார்.

அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. மிச்சச் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு நான் வந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இடையில் கயிறு மட்டும்தான் பேசியது.

கயிறு என்றால் முத்துக்குளிக்கிற கயிறு. மச்சான் என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், புருஷன். இந்தக் கரையில் அவரைப்போல மூச்சடக்க ஆள் இல்லை என்று ஊர் சொல்லும். ஊர் சொல்ல மறந்த நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார். கலியாண வீடுகளில் சோற்று அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதில் தலையை அமிழ்த்திக் காட்டுவார். மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்களெல்லாம் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர், ஆளை அடிக்கு இறக்குகிற பாரக்கல்லில் கால் வைத்துக் கடலுக்குள் இறங்கினால், இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் நின்று பிடிக்கிறவன் நான். அது நான் விரும்பிக் கேட்டு வாங்கிய உத்தியோகமல்ல. குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்சாதியின் சகோதரன்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் கரை வழக்கம். மற்றவன் பிடித்தால் கொட்டாவி விடுவான், சுருட்டுப் பற்றவைப்பான், பக்கத்து வள்ளத்துக்காரனோடு ஊர்க்கதை பேசுவான். பெண்சாதியின் சகோதரனான மச்சான் பிடித்தால் அப்படிச் செய்ய முடியாது, கைநழுவினால் அறுந்துபோவது அவனுடைய கூடப்பிறந்தவளின் தாலி. இதைக் கண்டுபிடித்தவன் மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவன். ராத்தாவுக்கு நான் ஒரே சகோதரன் என்பதால் எனக்கு மாற்று ஆளும் கிடையாது.

ஒரு இழுப்பு என்றால் கயிற்றை இளக்கு என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் தூக்கு. அவர் கீழே இருக்கிற நேரமெல்லாம் நான் மனசுக்குள் நபிகளார் பேரில் ஒன்றன்பின் ஒன்றாகச் சலவாத்து ஓதுவேன். எத்தனை சலவாத்துக்கு அவர் மூச்சுத் தாங்கும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும். கடைசியாகக் குளித்த பாரில், அதாவது அரசாங்கம் முத்துத் திட்டைத் திறந்துவிடுகிற காலத்தில், அந்தக் கணக்குக் குறைந்தது. முந்திய பாரைவிட வேளைக்கே இரண்டு இழுப்பு வந்தது. என்னோடு உள்ள கோபத்தில், என் கையை நோகப்பண்ணத்தான் அடிக்கடி ஏறி இறங்குகிறார் என்று நினைத்தேன். கோபத்திலிருக்கிறவனுக்கு எல்லாமே தன்னைப் பற்றியதுதான்.

அந்தப் பார் முடிகிற நாளில் அவர் மூக்காலும் காதாலும் இரத்தத்தோடு மேலே வந்தார். பிறகு நாட்கணக்கில் காய்ச்சல். ராத்தா, ‘இவர் எழும்பி நடந்தால் பாவாத மலைக்குக் கால்நடையாக அனுப்புகிறேன்’ என்று நேர்த்தி வைத்துவிட்டாள். நேர்த்தி வைக்கிறவர்களின் தாராளமே தனி. நடக்கப்போவது மற்றவர்களின் கால். அவர் எழும்பி நடந்தார். நேர்த்தியும் கூடவே எழும்பியது.

“அடுத்த பார் திறக்க முந்திப் போயிட்டு வரவேணும். நீயும் போ. கடலில கயிறு பிடிக்கிறவன் மலையிலயும் பிடிக்கட்டும்,” என்றாள் என்னிடம்.

“அவர் என்னோட கதைக்கிறேல்லையே.”

“கடலுக்குள்ள என்ன கதைச்சுக்கொண்டோ இருக்கிறியள்?”

அந்தக் குளிகயிற்றையும் சுருட்டி என் தோளில் மாட்டிவிட்டாள், பாதத்தில் ஒருதரம் தொட்டுக் கொண்டுவந்தால் பரக்கத்தாம், ஆண்டவனின் அருளாம். அதோடு நின்றிருக்கலாம். வள்ளத்தில் குடிதண்ணீர் வைக்கிற சின்னப் பீப்பாவை எங்கள் நல்ல கிணற்றுத் தண்ணீரால் நிரப்பி வாசலில் கொண்டுவந்து வைத்தாள். கண்ட கண்ட தண்ணீரைக் குடித்து அவருக்குக் காய்ச்சல் திரும்பினால் என்னைத்தான் கேட்பாளாம்.

மலைநாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதை ஊரில் ஒருவராவது பார்த்துச் சிரித்தார்களா என்றால், இல்லை. வெளியூர் போகிறவன் தண்ணீரோடு போவதுதான் எங்கள் பக்கத்து முறை. பள்ளிவாசல் முற்றத்தில் இருந்த பெரியவர்கள் பீப்பாவைத் தட்டிப் பார்த்து, இது காணாது, இன்னும் கொஞ்சம் பெரிசாக எடுத்திருக்கலாம் என்று கவலைப்பட்டார்கள். மலையைப் பற்றி அவர்களுக்கும் எங்கள் அளவுக்குத்தான் தெரியும்.

சிலாவத்துறையில் தோணி ஏறிக் கொழும்புக்குப் போனோம். அங்கிருந்து ரயில். ‘கால்நடையாக’ என்ற சொல்லுக்கு ராத்தா கொஞ்சம் சலுகை தந்திருந்தாள். மலை தொடங்குகிற இடத்திலிருந்து நடந்தால் போதும். மலை எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கும் தெரியாது. ரயில் ஒரு பக்கமாகச் சரிந்து மேலே ஏறத் தொடங்கியதும் மச்சான் பெட்டியின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன், வேறு கம்பியை.

அட்டன் ஸ்டேஷனில் இறங்கியபோது குளிரில் பல் கிட்டியது. துரை யாரோ கழித்துவிட்ட கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒருவர் எங்களை நோக்கி வந்தார். எங்கள் இடுப்புச் சாரத்தையும் பீப்பாவையும் பார்த்ததுமே அவருக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பு தோட்டந் தோட்டமாகத் துணி விற்றவராம், இப்போது மலைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாம்.

“நான் இல்லாம இந்த மலைக்குப் போனவங்க ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல, வெளங்குதா?” என்றார்.

அவருக்குப் பின்னால், அவர் இல்லாமல் மலைக்குப் போய்வந்த ஒரு கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு ரயிலுக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் வெளங்குது என்று தலையாட்டினோம்.

“அது என்னங்க பீப்பா? எண்ணெயா?”

“தண்ணி,” என்றேன்.

அவர் எதிரே மலையிலிருந்து விழுந்துகொண்டிருந்த அருவியைப் பார்த்தார். பக்கத்து வாய்க்காலில் குதித்து ஓடிய தண்ணீரைப் பார்த்தார். தன்னுடைய கோட்டிலிருந்து சொட்டிய மழையைப் பார்த்தார்.

“எதுக்குங்க?”

“குடிக்க.”

நல்ல மனிதர், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. எங்களிடமிருந்து இன்னும் எவ்வளவோ எதிர்பார்க்கலாம் என்று முடிவு செய்துவிட்டார்.

அந்தப் பீப்பாவை அங்கேயே கவிழ்த்துவிட்டு நடந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். கவிழ்ப்போமா என்று ஒருவன் மற்றவனிடம் கேட்க வேண்டுமே. கேட்பதற்குப் பேச வேண்டும். சால்வை விஷயம் முடியாமல் நான் பேசுவதாக இல்லை, அவரும் பேசுவதாக இல்லை. ஆகவே அந்தப் பீப்பா எங்களோடு பள்ளத்தாக்கு முழுவதும் நடந்தது. ஒரு தரிப்பிடம் வரைக்கும் நான் சுமப்பேன், வைத்ததும் அவர் எடுத்து அடுத்த தரிப்பிடம் வரைக்கும் சுமப்பார். பெரும் ஒழுங்கோடு நடந்த மடைமை அது.

வழிகாட்டிக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. மலைக்குப் போகிறவன் களைப்பு என்று சொல்லக்கூடாது; இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூடாது. கேட்டால் மலை நீண்டுவிடுமாம். இந்தச் சட்டத்தை ஆக்கியவர் கட்டாயம் ஒரு வழிகாட்டியாகத்தான் இருப்பார். 

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. நடுவில் ஆறு. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை, சீப்பால் வாரிவிட்ட மாதிரி. அதற்கும் மேலே காடு, காட்டுக்கு மேலே புகார், வெள்ளைப் பனிமூட்டம். அத்தனை தேயிலைக்கும் சொந்தக்காரர்களான துரைமார் எப்போதாவது ஒரு குதிரையில் போவார்கள், நாங்கள் பாதையோரச் சேற்றில் இறங்கி நின்று வழிவிடுவோம். எங்கள் கரையில் கடலுக்கு அடியில் கிடக்கிற சிப்பிகூட அரசாங்கத்துச் சொத்து, சிப்பிக்கு மட்டும் அது தெரியாது. இங்கே மலைக்கே சொந்தக்காரன் இருக்கிறான் என்பது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

ஆற்றைக் கடக்க ஒரு பாலம் வந்தது. கொஞ்சத் தூரம் போய் ஒரு கடையில் வழிகாட்டி ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, தேத்தண்ணீர் குடித்து, ஒருவரின் சுகம் விசாரித்தார். பிறகு இன்னொரு பாலம். அடுத்தநாள் இன்னும் ஒன்று. ஒரே மாதிரியான பாலங்களை இத்தனை கட்டியிருக்கிறார்களே என்று நான் வெள்ளைக்காரனை மெச்சினேன். அது ஒரே பாலம் என்பது ஊர் திரும்புகிற வழியில்தான் தெரிந்தது. வழிகாட்டிக்கு ஆற்றின் அந்தக் கரையிலும் கொடுக்கல் வாங்கல் இருந்தது, இந்தக் கரையிலும் இருந்தது. சமதரையில் பிறந்தவனுக்கு எல்லா மலையும் ஒரே மலைதான் என்பதை அறிந்து எங்களைச் சுற்றிச் சுற்றி நடத்தியிருக்கிறார். ஒரு நாள் வழியை அவர் பல நாள் யாத்திரையாக வளர்த்தெடுத்த திறமையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

நாங்கள் இருவரும் அவர் வழியாகவே பேசினோம்.

“அவரைக் கேளுங்கோ, அட்டை கடிச்ச இடத்துக்குச் சுண்ணாம்பு வேணுமோ எண்டு,” என்பேன் நான்.

“அவரு உங்களுக்குப் பக்கத்திலதானே நிக்கிறாரு?”

“நீங்க கேளுங்கோ.”

“உங்களுக்குச் சுண்ணாம்பு வேணுமாங்க?”

“வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. ஆனா தந்தா வாங்குவன் எண்டும் சொல்லுங்கோ.”

வழிகாட்டி முதலில் எங்களைப் பைத்தியம் என்று நினைத்தார். பிறகு அந்த வேலையும் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நான் சொன்னதை இரண்டு சொல் கூட்டிச் சொல்வார், மச்சான் சொன்னதை நாலு சொல் கூட்டிச் சொல்வார்.

ஒரு தோட்டத்தில் கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தின் ஓரத்தில் மழைக்கு ஒதுங்கினோம். அங்கே கொழுந்துக் கூடை முடைந்துகொண்டிருந்த ஒருவர் எந்த ஊர் என்று கேட்டார். மன்னார்ப் பக்கம் என்றேன். அவர் கை நின்றது. சின்ன வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவிலிருந்து வந்து, எங்கள் கரையில் இறங்கி, காட்டு வழியே இந்த மலைக்கு நடந்தே வந்தவராம்.

“தங்கச்சி ஒண்ணு கூட வந்துச்சு. உங்க ஊரு மணல்லதான் போச்சு. தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே,” என்றார். பிறகு பீப்பாவைக் காட்டி, “இதுல என்ன?” என்று கேட்டார்.

வழிகாட்டி கோட்டுப் பையைத் துழாவினார், நான் மழையைப் பார்த்தேன். மச்சான்தான் பீப்பாவைச் சரித்து, சிரட்டையில் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார். “எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணி, அண்ணன்,” என்றார். அந்த மனிதர் வாங்கி முழுவதையும் குடித்தார். நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பீப்பாவைச் சுமக்க எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. மச்சான் மீதிருந்த கோபத்தில் ஒரு மூலை இடிந்ததும் அங்கேதான். ஆனாலும் சால்வை சால்வைதான்.

பள்ளத்தாக்கு முடிந்து ஏற்றம் தொடங்கியது. மச்சான் இயற்கையை ரசிக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

அவர் பிறந்ததிலிருந்து எதையும் ரசித்துப் பார்த்ததை நான் கண்டதில்லை. கடலைப் பார்த்தால் காற்றைச் சொல்வார், ஆகாயத்தைப் பார்த்தால் மழையைச் சொல்வார், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர் இருபது அடிக்கொருதரம் நின்று, இடுப்பில் கைவைத்து, ஒரு பூவைப் பார்த்தார். பிறகு ஒரு பாறையைப் பார்த்தார். பிறகு ஒன்றுமே இல்லாத புகாரைப் பார்த்தார். கவிராயர் ஆகிவிட்டாராக்கும் என்று நான் மனசுக்குள் நக்கலடித்தேன்.

அவருடைய முறை வந்தது. பீப்பாவை எடுக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றார். தூக்கவில்லை. செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் கையை அங்கே கொண்டுபோனார். அவர் காலில் செருப்பே இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஓட்டை விழுந்த துருத்தி ஊதுகிற சத்தம். அது அவருடைய நெஞ்சிலிருந்து வந்தது.

நான் பீப்பாவை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். அடுத்த தரிப்பிடத்திலும் நானே எடுத்தேன். அதற்கடுத்ததிலும் எடுத்தேன். அவர் வெறுங்கையோடு பின்னால் வந்தார். போன பாரில் குறைந்துபோன சலவாத்துக் கணக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அவர் என் கையை நோகப்பண்ணவில்லை, அவருக்குக் கீழே இருக்க முடியாமல் போயிருக்கிறது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பார் திறக்க இன்னும் அதிக நாள் இல்லை. இந்த நெஞ்சோடு இந்த மனிதர் கடலுக்குள் இறங்கப்போகிறார், கயிறு என் கையில் இருக்கப்போகிறது, ராத்தா கரையில் இருக்கப்போகிறாள்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை சுவராக நிமிர்ந்துவிட்டது. பிடித்து ஏற இரும்புச் சங்கிலி போட்டிருந்தார்கள். “இந்தா, வந்திருச்சி,” என்றார் வழிகாட்டி. அதை அவர் அட்டன் ஸ்டேஷனிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தார். தான் பலதடவை ஏறியவர் என்பதால் இன்னொருமுறை ஏற அவசியமில்லை என்று கூறி, பாறையடியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

நான் தோளிலிருந்த குளிகயிற்றை அவிழ்த்தேன். ஒரு முனையை மச்சானின் இடுப்பில், வள்ளத்தில் கட்டுகிற அதே முடிச்சாகக் கட்டினேன். அவர் கையை உயர்த்திக் கட்ட இடம் தந்தார். மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டு, பீப்பாவையும் முதுகில் கட்டிக்கொண்டு, நான் முதலில் ஏறினேன். நின்று பிடிக்க ஒரு இடுக்குக் கிடைத்ததும் கயிற்றை இறுக்கினேன். கீழே புகாருக்குள் அவர் தெரியவில்லை. கடலில் தெரியாத மாதிரியேதான்.

ஒரு இழுப்பு வந்தது. இளக்கினேன். அவர் ஏறிக்கொண்டிருந்தார். நான் பழக்கத்தில் சலவாத்து ஓதத் தொடங்கிவிட்டேன்.

பிறகு இரண்டு இழுப்பு வந்தது.

வழக்கமான கணக்கில் இன்னும் நிறையச் சலவாத்து மிச்சமிருக்கும்போதே அது வந்துவிட்டது. காலைப் பாறையில் உதைத்து, உள்ளங்கை தோலுரிய இழுத்தேன். சங்கிலியில் ஒரு கையும் கயிற்றில் ஒரு கையுமாக அவர் மேலே வந்து என் காலடியில் விழுந்தார். உதடு நீலமாக இருந்தது. அவர் நெஞ்சு ஓயும்வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த முதுகில் கழுதையை அடிக்கிற கம்பாலேயே நாலு வைக்க வேண்டும் என்று மூன்று வருடமாக நினைத்திருந்தவன்தான் நான்.

உச்சியில் பீப்பாவின் கடைசித் தண்ணீரில் இருவரும் முகம் கைகால் கழுவித் தொழுகைக்கு ஒளு எடுத்தோம். மலைநாட்டுத் தண்ணீர் சுற்றிவர ஓட, முசலிக் கிணற்றுத் தண்ணீரில் ஒளு எடுத்தவர்கள் அந்த மலை உண்டான காலத்திலிருந்து நாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்க வேண்டும். கயிற்றைப் பாதத்தில் தொட்டு எடுத்தேன். புகார் விலகியபோது மேற்கே வெகு தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. மச்சான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டிட்டாய், என்ன?” என்றார். மூன்று வருடத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் சொல்.

“ஓம், மச்சான்.”

“ஊரில ஒருத்தருக்கும் சொல்லாத. உன்ர ராத்தாவுக்குச் சொல்லவே சொல்லாத. மூச்சு இல்லையெண்டா அந்தக் கரையில நான் ஆர், சொல்லு பாப்பம்?”

“சொல்லமாட்டன்.”

“வல்லாகி எண்டு சொல்லு,” என்று ஆண்டவன் மேல் ஆணை கேட்டார்.

“வல்லாகி சொல்லமாட்டன்.”

“இந்தப் பார் ஒண்டுதான். பிறகு நானாவே விட்டிடுவன்.”

நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டேன். சால்வையைப் பற்றி இருவருமே பேச்செடுக்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் மச்சான் பள்ளிவாசல் முற்றத்தில் மலையை இன்னொருமுறை ஏறினார். இந்தமுறை மிக இலகுவாக ஏறினார். வழியில் நான் களைத்துப்போய் அழுதேனாம். பீப்பா முழுவதையும் அவரே சுமந்தாராம். சங்கிலியில் நான் நடுங்கிப்போய் நிற்க, அவர் கயிறு கட்டி இழுத்தாராம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நானும் பரிதாபமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அந்தக் கிழமை நடந்த கலியாணத்தில் அண்டாவைக் கொண்டுவந்து வைத்தபோது, பாவாத மலைக்குப் போய்வந்த தலையைச் சோற்று அண்டாவில் அமிழ்த்தக்கூடாது என்று மார்க்கத்தில் இல்லாத ஒரு சட்டத்தை மச்சான் எடுத்துவிட்டார். ஊர் அதையும் நம்பியது.

பார் திறக்கிறதாக அரசாங்கம் பறை சாற்றியது. வள்ளச் சொந்தக்காரரான சம்மாட்டி ஆள் சேர்க்க மச்சான் வீட்டு முற்றத்துக்கு வந்தார். ராத்தா அவர் உட்காரக் கதிரை எடுத்துப் போட்டாள். அக்கம்பக்கத்தில் உள்ளவர்களும் வந்து நின்றார்கள். நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்றேன்.

“என்ன, இந்த முறையும் முதல் கல் உம்முடையதுதானே?” என்றார் சம்மாட்டி.

“வேற ஆர் இருக்கினம்?” என்றார் மச்சான். அந்த மூன்று சொல்லுக்கு நடுவில் அவர் ஒருதரம் மூச்செடுத்ததை நான் மட்டும்தான் கேட்டேன்.

சம்மாட்டி என் பக்கம் திரும்பினார். “கயிறு வழக்கம்போல நீதானே, தம்பி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ராத்தாவும் பார்த்தாள், அவள் கழுத்தில் தாலி கிடந்தது. மச்சானும் பார்த்தார். வல்லாகி என்று நான் சொல்லியிருந்தது மூச்சைப் பற்றிப் பேசமாட்டேன் என்றுதான். அதனால் மூச்சைப் பற்றி நான் பேசவில்லை.

“நான் பிடிக்கமாட்டன்,” என்றேன்.

“ஏன்?”

“என்ர கலியாணச் சால்வையை இவற்ற கழுதை திண்டது. இண்டைவரைக்கும் ஒரு ஞாயம் சொல்லேல்ல. ஞாயம் சொல்லாதவருக்கு நான் கயிறு பிடிக்கிறேல்ல.”

கொஞ்ச நேரம் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஊரே வாய்விட்டுச் சிரித்தது. சிரித்து முடிந்ததும் கோபம் வந்தது. ஒரு சால்வைக்காகப் புருஷனின் பிழைப்பில் மண்ணள்ளிப் போடுகிறாயே, நீ என் கூடப்பிறந்தவன்தானா என்று ராத்தா அழுதாள். சம்மாட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். புதுச் சால்வை தருகிறேன் என்றார். வேண்டாம், தின்ற சால்வைதான் வேண்டும் என்றேன். அதற்கு மேல் ஒரு மனிதனிடம் பேச என்ன இருக்கிறது? வேறு கை கயிறு பிடித்தால் அந்த வள்ளத்தில் மற்றக் குளிகாரர்கள் ஏறமாட்டார்கள். சம்மாட்டி எழும்பி அடுத்த வளவுக்குப் போய்விட்டார்.

மச்சான் வேலியடிக்கு வந்தார். ஊர் கேட்க, என் வாப்பா உம்மாவையும் விடாமல் ஏசினார். கழுதைக்கு உள்ள அறிவு எனக்கு இல்லை என்றார். இந்தக் கரையின் முதல் குளிகாரனை ஒரு முழத் துணிக்காகக் கரையேற்றிவிட்ட சண்டாளன் என்றார். ஏசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கை வேலிக் கதியால் தடியைப் பிடித்திருந்தது. கடைசியில் அந்தக் கையை எடுத்து என் தோளில் வைத்தார். ஊருக்கு அது என்னைத் தள்ளிவிட்ட மாதிரித் தெரிந்திருக்கும். நான் முகத்தைக் கழுதைப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடலில் இறங்கவில்லை. கரையில் உட்கார்ந்து, குளிக்கிற ஒவ்வொருவனிலும் குற்றம் கண்டுபிடிக்கிற பெரிய உத்தியோகத்தை ஏற்றுக்கொண்டார். மூச்சிருந்தும் பெண்சாதியின் தம்பியால் கெட்ட மனிதர் என்று ஊர் அவரை மரியாதையாக வைத்திருந்தது. எனக்குச் ‘சால்வை’ என்று பட்டப்பெயர் வைத்தது. என் பிள்ளைகளைக்கூட அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

ராத்தா என்னை மன்னிக்கவில்லை. பெருநாளுக்கு அவள் வீட்டுக்குப் போனால், சோற்றைப் போட்டுவிட்டுச் சால்வைக் கதையை முதலிலிருந்து தொடங்குவாள். மச்சான் சாய்மனைக் கதிரையில் இருந்து அவளோடு சேர்ந்து என்னை ஏசுவார். வரவர அந்த ஏச்சை ஒரே மூச்சில் முடிக்க அவரால் முடியவில்லை. நடுவில் நிறுத்தி, நெஞ்சைப் பிடித்து, திரும்பத் தொடங்குவார். புகையிலையால் வந்த இருமல் என்று ராத்தா சொல்லுவாள். நான் சோற்றில் கைவைத்தபடி, அவர் அடுத்த மூச்சை எடுக்கும்வரைக்கும் மனசுக்குள் சலவாத்து ஓதிக்கொண்டிருப்பேன்.